மேனேஜரின் இரைப்பை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்வாசலில் இருந்தவர்கள்: கிரில் பட்டறை நடத்தும் என் அண்ணன். அண்ணி. மாடியில் குடியிருக்கும் டெய்லர் அக்கா. அவளுடைய பூனை, சந்தேகத்தின் பேரில். கூட்டுக்குள் ஆறு கோழிகள். செய்தித்தாளில் சுற்றிவைத்த ஏழாவது கோழி, செத்தது. கடைசியாக நான், குற்றவாளி.

செத்த கோழிக்கு மேனேஜர் என்று பெயர். தீனித் தட்டைக் கையில் எடுத்தால் போதும், முதல் ஆளாக வந்து மேற்பார்வை பார்க்கும். பதினொன்றில் இது ஐந்தாவது சாவு. ஐந்துக்கும் ஒரே லட்சணம். இரண்டு நாள் தீனியைத் தொடாது. பச்சையாகக் கழியும். சிறகு தொங்கும். மூன்றாம் நாள் காலை மூலையில் விறைத்துக் கிடக்கும். உடம்பில் பல் பட்ட தடயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இதை முதல் சாவிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கேட்டார்கள்? குளிர்பதனக் கிடங்கில் நைட் ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வந்து பின்னறையில் படுத்திருப்பவன் பேச்சுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு? அந்த அறையில் நான் இருந்துகொள்ளலாம், பதிலுக்குக் கோழிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவை செத்துக்கொண்டுதான் இருந்தன.

அண்ணனுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, கம்பி. முதல் கோழி செத்ததும் கீரி என்றான், கூட்டைச் சுற்றி இன்னொரு கம்பி வலை அடித்தான். இரண்டாவதுக்குப் பாம்பு என்றான், அதன்மேல் இன்னும் பொடிக் கண் வலை. மூன்றாவதுக்கு மாடி வீட்டுப் பூனை, கூரைக்கும் வலை. நான்காவதுக்கு நான். கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிறேனாம். ஒரு பூட்டு வந்தது, சாவி அவன் இடுப்பில் ஏறியது. அதுவரை முற்றத்தில் மேய்ந்த கோழிகள் அன்றிலிருந்து நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடந்தன. பூட்டிய பிறகும் மேனேஜர் செத்ததே, அதற்கும் நான்தானா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

போன வாரம் கால்நடை டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். செத்ததை அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார். அண்ணன் கையைக் குறுக்கே நீட்டிவிட்டான். முட்டைக்கு வளர்க்கிறோம், வளர்த்ததை அறுப்பதில்லை. அவன் போட்ட சட்டம். நான்கையும் அவனே முழுசாகப் புதைத்தான்.

"பேச்சே வேணாம். பெட்டியைக் கட்டு," என்றான். "சாயங்காலம் கம்பிக் கட்டு வருது. ரூம் எனக்கு ஸ்டோருக்கு வேணும்."

"நான் என்ன பண்ணேன்னு சொல்லு, போறேன்."

"என்ன பண்ணலைன்னு கேளு. பகல் பூரா தூக்கம். ஆந்தையைக் காவலுக்கு வச்சா கோழி எப்படிடா மிஞ்சும்?"

"ஆந்தைன்னா சாப்பிட்டிருக்குமே. இதுல எதையாவது யாராவது சாப்பிட்டாங்களா?"

டெய்லர் அக்கா சிரித்துவிட்டாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "உங்க பூனையும் யோக்கியம் இல்ல."

"ஒரு மாசமா என் பூனையைக் கொலைகாரின்னு சொல்றீங்க. பல்லு படாம கொல்ல அது என்ன பில்லி சூனியமா வைக்குது?"

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சிமெண்ட் தரையில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் அண்ணி. "அது என்ன செருப்புல டக்கு டக்குன்னு? தலை வலிக்குது."

கழற்றிப் பார்த்தேன். ரப்பர் அடியில் ஒரு கம்பித் துண்டு குத்தி நின்றது. நகத்தளவு. வெள்ளிபோல் பளபளப்பு. காலையில் அண்ணன் பூட்டைத் திறந்ததும் மேனேஜரை எடுக்கக் கூட்டுக்குள் போனதைத் தவிர நான் வேறெங்கும் போகவில்லை.

கூட்டைப் பார்த்தேன். தரை முழுக்க மரத்தூள். கூடு கட்டின நாளிலிருந்தே இந்த மகாராசன் ஒவ்வொரு முறையும் உள்ளே உட்கார்ந்துதான் வலையை வெட்டுவான். வெட்டின துண்டெல்லாம் அந்தத் தூளில்தான் விழும். மின்னுவதைக் கண்டால் கோழி கொத்தாமல் இருக்குமா?

சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தேன்.

"ஐயோ, அது காய் நறுக்கற கத்தி!" என்றாள் அண்ணி.

"டேய், அறுக்காதே," அண்ணன் எழுந்தான்.

"அஞ்சு உயிர் போச்சு. உன் சட்டத்தை நீயே வச்சுக்கோ."

துவைக்கிற கல்மேல் மேனேஜரை வைத்து அறுத்தேன். இரைப்பையைப் பிளந்ததும் கத்தி கரகரவென்று உரசியது. கழுவி ஒவ்வொன்றாகக் கல்மேல் வைத்தேன். ஒன்பது துண்டுகள். சிலது பளபளப்பு போய்க் கறுத்திருந்தன. என் செருப்பிலிருந்ததைப் பத்தாவதாக வைத்தேன். அதே கனம்.

அண்ணன் குனிந்து பார்த்தான். "இது என் கம்பி இல்ல."

"பின்ன, கோழி கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துச்சா?" என்றாள் டெய்லர் அக்கா.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் பேச்சை வளர்க்கவில்லை. "கம்பி மேல இருக்கிற பூச்சு துத்தநாகம். வயித்துல கரைஞ்சா விஷம். பச்சையா கழியறது அதனாலதான். மிச்சம் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"இந்த நிமிஷமே வெளிய விடுங்க. நாளைக்குக் காலையில ஆறையும் கொண்டாங்க. கூட்டுல ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது."

போனை வைத்தேன். கோழிகளைக் காப்பாற்ற அவன் அடித்த ஒவ்வொரு வலையும் அடுத்த கோழிக்குத் தீனி போட்டிருக்கிறது. நான்காவது சாவுக்குப் பிறகு பூட்டு வேறு, வெளியே போய் ஒரு புழுவைக்கூடக் கொத்த முடியாதபடி. இவ்வளவுக்கும் பேர் என் கவனக்குறைவு.

"சரி, தெரியாம நடந்துடுச்சு," என்றான் அண்ணன். "ரூம் விஷயத்தை அப்புறம் பேசலாம்."

"அப்புறம் இல்ல. இப்ப."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அந்த ஒன்பது துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பிக் கட்டு பட்டறையிலேயே கிடக்கட்டும்," என்றாள். "தம்பி எங்கயும் போக வேணாம். நீங்க முதல்ல போய் அதைப் பொறுக்குங்க."

"மரத்தூள்ல எப்படிடி பொறுக்கறது?"

டெய்லர் அக்கா மாடிக்குப் போய், தரையில் சிந்தும் குண்டூசிகளை எடுக்க வைத்திருக்கும் காந்தத்தைக் கொண்டுவந்தாள். "நான் தினமும் கடைசி ஊசி வரைக்கும் பொறுக்கிட்டுத்தான் எழுந்திருப்பேன். தொழில்னா அப்படி," என்று அவன் கையில் வைத்தாள்.

நான் சாவிக்குக் கை நீட்டினேன். கொஞ்ச நேரம் முறைத்தான், பிறகு இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தான். கூட்டைத் திறந்தேன். ஆறும் தயங்கித் தயங்கி முற்றத்துக்கு இறங்கின. பூனை படியில் படுத்தபடியே பார்த்தது. ஒரு மாதமாக மன்னிப்புக் கேட்காத குடும்பத்தின் கோழிகளைத் தொட அதற்கு விருப்பமில்லை.

அண்ணன் காந்தத்தோடு குனிந்து உள்ளே போனான். கூட்டில் நிமிர இடமில்லை, மண்டி போட்டான். காந்தத்தைத் தூளில் ஒரு முறை இழுத்தான். எடுத்தபோது அது முள்ளம்பன்றிபோல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்புதான்டா," என்றான், என் பக்கம் திரும்பாமல்.

"பொறுக்கு."

கதவைச் சாத்தி, அவன் வாங்கிய பூட்டையே போட்டுப் பூட்டினேன்.