வான் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு செவ்வரத்தை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பாலமுனையில் பக்கத்து வளவுச் சண்டையாக என் காதில் விழுந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செவ்வரத்தையின் இதழ்களில் கடல் தன் சிவந்த இரகசியத்தை...’ கடலுக்கு ஏது சிவப்பு? விட்டுவிட்டேன்.

2
ஸுஹைறா மஞ்சள் செவ்வரத்தையின், அதாவது செம்பருத்தியின், மகரந்தத்தைச் சிவப்பில் தடவி, காய்த்த விதையை முளைக்கவைத்து, புதுச்செடி ஒன்றை உண்டாக்கியிருந்தாள். பூவுக்குப் பழுத்த பப்பாசியின் நிறம். நடுவில் மருதோன்றிச் சிவப்பு. அது நின்றதோ, அவள் கணவன் மசூரின் புது வான் வண்டி நிற்கவேண்டிய இடத்தில்.

“புடுங்கி அங்கால நடுகா,” என்றான் மசூர்.

“வேரறுந்தா செத்துரும். பூப்போட்டிக்கு மார்க் போட வாறாங்க. நல்லம் எண்டா நிக்கட்டும். இல்லாட்டி நானே வெட்டுறன்.”

(மசூரை வில்லனாக்கத்தான் திட்டம். செடிப்பக்கம் ஆட்டை அவிழ்த்துவிடும் காட்சிகூட எழுதினேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.)

3
நடுவர் கனகரெத்தினம் கல்முனையிலிருந்து வந்தார். நிறத்துக்குப் பத்தில் ஒன்பது. பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“கடல்காத்துக்கு இது தாங்காது போல. நாலு போடுறன்.”

ஸுஹைறாவின் முகம் செத்துப்போயிற்று. கத்தி எடுக்கத் திரும்பினாள்.

“நாலா?” மசூர் முன்னால் வந்தான். “இந்தக் காத்துக்கு எங்கட இரும்புக் கேற்றே உக்கிப்போச்சு சேர். இதுல ஒரு இலை கருகியிருக்கா, காட்டுங்க பாப்பம்!”

“வானுக்கு இடமில்லையெண்டு நீங்கதானே இப்ப வாசலில சொன்னீங்க?”

“அது வீட்டுக் கதை. நீங்க மார்க்கப் பாருங்க.”

கனகரெத்தினம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இலை இலையாகத் தேடினார். கருகல் அகப்படவில்லை. நாலு, எட்டாயிற்று.

அப்போது ஸுஹைறா கணவனைப் பார்த்த பார்வை, மாரி மழைக்குப் பிறகு... இல்லை. வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான்.

4
“புது இனம். என்ன பேர் போடுற?” என்றார் கனகரெத்தினம்.

“ஸுஹைறா எண்டு போடுங்க,” என்றான் மசூர்.

“அல்லாஹ், வேணாம்! ஸுஹைறால ஒரு கொப்பு முறிச்சித் தாங்க எண்டு ஊரே வந்து நிக்கும். உங்கட பேரப் போடுங்க.”

“என்ட பேரா? மழைக்கு முதல் மசூர ஒட்ட வெட்டணும் எண்டு சொல்லிக்குடுப்பியா?”

கனகரெத்தினம் பேனாவைத் திறந்தபடி நிற்கிறார். நான் யோசித்த பேர்கள் எல்லாவற்றுக்கும் இருவரில் ஒருவர் கோபித்துக்கொள்கிறார். வாசகரே, இனி உங்கள் பாடு. நல்லதாக ஒரு பேர் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக; சண்டை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.