முஸ்பிறாவுக்குப் பதிலாகப் போனவள்

முஸ்பிறா அன்று வேலைக்குப் போகாததற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வீட்டில் விருந்தும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை என்று சொல்லித்தான் அவளைக் கம்பனி ஸ்டோர்ஸில் சேர்த்திருந்தார்கள். நோன்புப் பெருநாளும் சித்திரை வருசமும் அடுத்தடுத்து வந்ததால் மூன்று நாள் ஐந்தாகி, பிறகு ஆறாகிவிட்டது. நோன்போடு நின்றுகொண்டே பெட்டி கட்டிக் கட்டி அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

அதனால் சுப்பவைசர் அஸ்கி தொலைபேசியில் கூப்பிட்டபோது, "நாளைக்கு எனக்கு ஏலா சேர்" என்றாள்.

"ஏலாண்டு சொல்றதுக்கு இது உங்கட வீடா? கட்டாயம் வரணும். வராட்டி மறுகா வரத் தேவல்ல."

"நாளைக்கு என்ட நாள் இல்ல சேர். நான் வரமாட்டன்."

அஸ்கி போனை வைத்துவிட்டான்.

மறுநாள் அவள் யன்னல் சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். கடற்காற்றில் அவை கொடியில் படபடத்துக்கொண்டிருந்தன. பகலில் ளுகர் தொழுதுவிட்டு எழும்பும்போது போன் அடித்தது. ஸ்டோர்ஸில் கூட வேலை செய்யும் கமீலா. முதலில் அழுகைதான் கேட்டது.

"நேசம்மாக்கா ஏணியில இரிந்து விழுந்திட்டா முஸ்பிறா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சி."

"நேசம்மாக்காவுக்கு இண்டைக்கு லீவெல்லவா?"

"ஆரோ வரல்லயாம். காலத்தால போன் பண்ணிக் கூப்பிட்டிரிக்காங்க. உன்ட மேசையிலதான் நிண்டவ."

முஸ்பிறா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கமீலா அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவளுக்கு ஏறவில்லை.

நேசம்மா பெரியநீலாவணைக்காரி. முஸ்பிறா பக்கத்து ஊரான மருதமுனை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, கல்முனையில் இறங்கி, வயல் பக்கம் போகும் பாதையால் நடந்து ஸ்டோர்ஸுக்குப் போவார்கள். கொழும்பிலிருந்து லொறியில் வரும் சவர்க்காரம், பிஸ்கற், பால்மா எல்லாவற்றையும் பிரித்து, கடைகளுக்கு அனுப்பச் சின்னப் பெட்டிகளில் கட்டுவதுதான் பெண்களுடைய வேலை. மேல் தட்டில் இருக்கும் சாமான்களை ஆம்பிளைகள்தான் ஏறி எடுக்க வேண்டும். அன்றைக்கு ஆம்பிளைகள் எல்லோரும் லொறிகளோடு போய்விட்டார்கள். நேசம்மாவை ஏறச் சொன்னார்கள். ஒரு கிழமையாக ஓய்வில்லாமல் நின்ற உடம்பு. ஏறினாள்.

செத்த வீட்டுக்கு முஸ்பிறா போனாள். வளவில் பெண்களுக்குப் பின்னால், மதிலோரம் ஒதுங்கி நின்றாள். நேசம்மாவின் மகள் தர்சினி தாயின் காலடியில் சுருண்டு கிடந்தாள். கம்பனி மனேஜர் வந்து, நேசம்மாவின் புருசன் சாமித்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நல்ல மனிசி. லீவு நாளிலயும் தானா விரும்பி வந்து வேலை செஞ்சவ."

சாமித்தம்பி கையை இழுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிற மனிதர், குரல் பெரிது.

"விரும்பியா? காலையில போன் வந்த உடன இருந்து அழுதுபோட்டுத்தான் போனவள். ஆரோ ஒருத்தி வரல்ல எண்டுதானே கூப்பிட்டவனுகள்? ஆரவ? ஆருக்குப் பதிலா என்ட பொஞ்சாதி போனவள்?"

அங்கே நின்ற ஸ்டோர்ஸ் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கமீலா தலையைக் குனிந்துகொண்டாள். முஸ்பிறா முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டாள். சாமித்தம்பி எல்லோர் முகத்தையும் பார்த்து, அவள் முகத்தையும் பார்த்து, பிறகு வேறு பக்கம் திரும்பினார்.

இனி வரத் தேவையில்லை என்று சொன்ன அஸ்கி, அடுத்த கிழமை ஒன்றும் நடக்காததுபோலக் கூப்பிட்டான். ஆள் காணாதாம். முஸ்பிறா போனாள். வீட்டில் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

நேசம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பெட்டியைக் கட்டி முடித்ததும் உள்ளங்கையால் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் முதுகில் தட்டுவது மாதிரி. "சரி, போ" என்பாள். பிறகுதான் அடுத்த பெட்டியை எடுப்பாள்.

திரும்பிப் போன முதல் நாளே அந்தச் சத்தம் முஸ்பிறாவுக்குக் கேட்டது. பின் வரிசையில், மேல் தட்டுக்குக் கீழே. இரண்டு தட்டு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் பெட்டி ஒட்டும் டேப்பை இழுத்துக்கொண்டே இருந்தன. தன் மனச்சாட்சிதான் தட்டுகிறது என்று நினைத்தாள். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டாள். ஓதி முடியும்போது திரும்பவும் கேட்டது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆனால் சில நாள் போனதும், சாய்ந்தமருதிலிருந்து வரும் ஹாஜறா கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுப் பின் வரிசையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஆரோ பெட்டியில தட்டுறா. அவடத்த ஒருத்தருமில்ல. வல்லாகி, சத்தியமா என்ட காதால கேட்டன்."

அதற்குப் பிறகு வேறு நாட்களில் வருபவர்களும் கேட்டதாகச் சொன்னார்கள். ஒருத்தி ஏணி தானாக அசைந்ததைக் கண்டாளாம். இன்னொருத்திக்கு விபூதி மணத்ததாம். எது உண்மை, எது பயம் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. பின் வரிசைக்குப் போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலதிக நாளுக்குக் கூப்பிட்டால் காய்ச்சல், வாந்தி என்றார்கள். லொறிகள் முற்றத்தில் காத்து நின்றன.

மனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். மௌலவி ஒருவரையும் பூசாரி ஒருவரையும் கூப்பிட்டு, ஓதவும் பூசை செய்யவும் ஏற்பாடு செய்தார். எல்லோருடைய பயமும் ஒரேயடியாகத் தெளிய வேண்டும் என்று, பகுதிநேரக்காரர் அத்தனை பேரும் அன்றைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அஸ்கி அறிவித்தான். நேசம்மாவின் குடும்பத்தையும் கம்பனி வானில் ஏற்றி வந்தார்கள்.

உள்ளே நுழைந்த முஸ்பிறா அசந்துபோனாள். இவ்வளவு பேரா? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் என்பதால், தன்னோடு நிற்கும் கொஞ்சப் பேரைத்தான் அவள் இதுவரை கண்டிருந்தாள். நிந்தவூரார், பாண்டிருப்பார், நற்பிட்டிமுனையார் என்று பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வேறு வேறு நாளில் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

மௌலவி ஓதி, நீரில் ஊதித் தெளித்தார். பூசாரி கற்பூரம் கொளுத்தி, மூலை மூலையாக விபூதி போட்டார். சாமித்தம்பி ஒரு கதிரையில் அமர்ந்து, மனைவி விழுந்த சீமெந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்சினி அவர் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

எல்லாம் முடிந்ததும் மனேஜர் தொண்டையைச் செருமினார்.

"விரும்பி வந்து உழைச்ச அந்த ஆத்மா சாந்தி அடைஞ்சிட்டு. இனி நீங்க பயப்படாம வரலாம். நாளையிலிருந்து மேலதிக நாளுக்குக் கூப்பிட்டா எல்லாரும் வரணும். ஒரு சாட்டும் சொல்லப்படா."

முஸ்பிறாவுக்கு அந்த நேரம் பின்னால் இரண்டு தட்டுக் கேட்டது. கற்பூரப் புகைக்குள்ளிருந்து, மிகத் தெளிவாக. தான் முன்னால் வந்து நின்றுவிட்டதை அவள் பிறகுதான் உணர்ந்தாள்.

"அவ விரும்பி வரல்ல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. வராட்டி வேலை இல்லண்டு வெருட்டினாங்க. நான் ஏலாண்டன். அதால நேசம்மாக்காவைக் கூப்பிட்டிரிக்காங்க. என்ட இடத்துக்குத்தான் அவ வந்தவ." அவள் சாமித்தம்பியின் பக்கம் திரும்பினாள். "அண்ணன், அண்டைக்கு நீங்க கேட்ட ஆள் நான்தான்."

அஸ்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாமித்தம்பி எழுந்ததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"நீயா புள்ள?"

"ஓம்."

அவர் அவளை அடிக்கப் போகிறார் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவர் கைகள் தொங்கியபடியே கிடந்தன.

"நீ ஏலா எண்டு சொல்லியிருக்காய். அவளும் ஏலா எண்டு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?"

கூட்டத்தின் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. நிந்தவூர்ப் பெண், சபூறா என்று பெயர். முஸ்பிறா அவளை அன்றுதான் பார்க்கிறாள்.

"எப்பிடிச் சொல்ற? என்னையும் போன மாசம் அப்பிடித்தான் கூப்பிட்டாங்க. ஆரோ வரல்லயாம். ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா."

"அது நான்தானாக்கும்" என்றாள் ஹாஜறா, மெதுவாக. "உம்மாக்குச் சுகமில்லண்டு நான் வரல்ல."

"என்னை ஆருக்குப் பதிலாக் கூப்பிட்டீங்க சேர்?" என்று இன்னொருத்தி அஸ்கியை நேரே கேட்டாள். பிறகு வேறொருத்தி. பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. இவ்வளவு நாளும் ஒருத்தி சொன்ன 'ஏலா' முகம் தெரியாத இன்னொருத்தியின் தலையில் போய் விழுந்திருக்கிறது. அங்கே நின்ற யாரும் அதற்குத் தப்பவில்லை. மனேஜர் கூட்டம் முடிந்தது என்று இரண்டு தரம் சொன்னார். யாரும் கலையவில்லை.

கமீலா கலியாணத்துக்கு முன் கட்டுநாயக்காவில் தையல் பக்டரியில் வேலை செய்தவள். அங்கே தொழிற்சங்கத்தில் இருந்தவள். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, அவளுடைய வீட்டில் பெண்கள் கூடினார்கள். பகுதிநேரக்காரருக்குச் சங்கமெல்லாம் கிடையாது என்று அஸ்கி சொல்லித் திரிந்தான். தொழில் திணைக்களத்தில் போய்க் கேட்டபோது அங்கிருந்த உத்தியோகத்தர் சிரித்தார்.

"மூண்டு நாள் வேலை செஞ்சாலும் தொழிலாளிதான். ஏழு பேர் சேர்ந்தாச் சங்கம் பதியலாம். நீங்க எத்தனை பேர்?"

சங்கம் பதியும்போது முஸ்பிறாவின் கணவன், "உன்ட பேரை மட்டும் முன்னுக்குப் போடாத" என்றான். அவள் முன்னுக்குத்தான் போட்டாள். அதற்குப் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிடுவது குறைந்து, நின்றே போனது. சபூறாவையும் நிறுத்திவிட்டார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மேலதிக நாள் அறிவித்தார்கள். அன்று ஆள் ஏற்றக் கம்பனி வான் பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை ஊர் ஊராக ஓடியது. ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஹோர்ன் அடித்தது. ஒருத்தியும் ஏறவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தம் தூரப் போகும்வரை தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை என்று ஹாஜறா பிறகு சொன்னாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் லொறிகளை நிறுத்தி வைக்க முடியாமல், கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து சங்கத்தோடு கதைத்தார்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. சபூறாவைத் திரும்ப எடுக்கவில்லை. அஸ்கியும் அதே கதிரையில்தான் இருந்தான். ஆனால் மேலதிக நாளுக்கு இனிக் கேட்டுத்தான் கூப்பிட வேண்டும், ஏலாது என்றால் விட வேண்டும், அதற்காக யாருடைய நாளையும் வெட்டக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். முஸ்பிறாவுக்கும் அவளுடைய மூன்று நாள் திரும்பக் கிடைத்தது. நேசம்மா கம்பனியின் கட்டளையில்தான் வந்தாள் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல முஸ்பிறா பெரியநீலாவணைக் கடற்கரைக்குப் போனாள். சாமித்தம்பி தோணியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "சரி" என்றார். அவள் போகாமல் நின்றாள்.

"உன்னில கோவமா எண்டு கேக்கத்தானே நிக்கிறாய்? கேக்காத புள்ள. எனக்கே தெரியா."

மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் இப்போது கேட்பதில்லை. ஹாஜறா பின் வரிசைக்குத் தனியாகப் போய் வருகிறாள். முஸ்பிறாவுக்கு மட்டும் இடைக்கிடை கேட்கும். அவள் ஓதுவதை நிறுத்திவிட்டாள். கேட்கும்போது கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அஸ்கி அவளுடைய மேசைக்கு வந்து, அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"நாளைக்கு வர ஏலுமா ராத்தா?"

அவள் கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்தாள். வரலாம். வீட்டில் வேலை ஒன்றுமில்லை. "ஏலா" என்றாள்.

"சரி" என்று அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமைக்க வைத்த அரிசியை மறந்தாள். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கமீலாவுக்குப் போன் செய்தாள்.

"என்ட மேசையில ஆரு நிக்கிறா?"

"ஒருத்தருமில்ல முஸ்பிறா. சும்மா கிடக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துக்கிட்டுத்தான் கதைக்கிறன். நீ போய்ப் படு."

அவள் போனை வைத்தாள். குழைந்துபோன சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினாள். பிறகு போனை எடுத்து, திரும்பவும் கமீலாவைக் கூப்பிட்டாள்.