இல்லையே

அடக்கம் முடிந்து வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவளின் மகளோ, தன் புது வண்ணப் பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுச் சிறுமியின் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

அதைக் கேட்ட சித்தி சட்டென்று திரும்பினாள். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு அந்த 'இனிமே' சும்மா போகிற வார்த்தை இல்லை. அதைக் காதில் வாங்கக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். சாக நினைக்கும் பிள்ளைகளை எப்படிக் கண்டுகொண்டு காப்பாற்றுவது என்று எத்தனையோ நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தவள், முந்தாநாள் மாரடைப்பில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

சித்தி அக்காவின் மகளை அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"தப்பா எதுவும் நினைக்கலையேடா கண்ணு?"

"இல்ல சித்தி."

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் எல்லாரும் செய்யும் அதே தப்பு. அக்கா மேஜையைத் தட்டிக் கத்துவாள். "'இல்லையே'ன்னு கேட்டா 'இல்ல'ன்னுதான்டி வரும்! உங்க நிம்மதிக்குக் கேக்கறீங்களா, புள்ளைக்காகக் கேக்கறீங்களா? நேராக் கேளுங்க. கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது." பெரியவர்களிடம் அவளுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

வெளியே யாரோ டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில், அதுவும் இந்தப் பிஞ்சிடம், அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, செத்துப்போயிடணும்னு தோணுதா?"

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். திட்டு விழுமென்று காத்திருந்தாள் போலும். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துலேர்ந்து தோணுது. அம்மாகிட்டயே போயிடலாம்னு. சொன்னா எல்லாரும் பயந்துடுவீங்க..."

"பயமாத்தான் இருக்கு. ஆனா நீ சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா?"

அப்போதுதான் சிறுமி அழுதாள். அம்மா போனதிலிருந்து முதல் தடவையாக, மூக்கு ஒழுக, ஏங்கி ஏங்கி. சித்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டே வார்டு டாக்டருக்குப் போன் செய்தாள். தானே உடனே கிளம்பி வருவதாகவும், அதுவரை தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார்.

"நீங்க போயிடுவீங்களா சித்தி?"

"எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான் படுத்துக்கப்போறேன்."

சிறுமி சுவரோரமாக நகர்ந்து படுத்து, தலையணையில் பாதியை விட்டுக்கொடுத்தாள்.