ராமப்பனின் முதல் பக்கம்

ராமப்பன் உள்ளே வந்தபோது கதவும் அவரோடு உள்ளே வந்தது. கீலின் திருகாணி ஒன்று தெறித்து ஃபைஸானின் டீ கிளாஸுக்குள் விழுந்தது.

பாகலூர் சாலையில் பஞ்சர் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட வருகிறவர்கள். 'இலக்கிய முகவர்' என்ற பலகையில் இரண்டாம் சொல்லை மட்டும் படித்துவிட்டு மாடியேறிவிடுவார்கள். ஃபைஸான் அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவான். எழுதுகிறவர்கள் தங்கள் பிரதியை அவனுக்கு அனுப்புவார்கள், தேறுவதை அவன் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பதிப்பகத்தில் சேர்ப்பான், விற்றால் கமிஷன். கேட்டவர்கள் பரிதாபப்பட்டு ஒரு டீ சொல்லிவிட்டுப் போவார்கள்.

ராமப்பன் டீ சொல்ல வந்தவராகத் தெரியவில்லை. அவர் தொரப்பள்ளிப் பக்கம் மனை போட்டு விற்பவர். நிலத்தைத் தர மாட்டேன் என்று சொன்னவர்களின் நிலத்தையும் மனை போட்டு விற்பவர். பின்னால் சிங்காரப்பேட்டை மணிகண்டன் நின்றான். அவருக்குக் கார் ஓட்டுவதும் அவர் சார்பில் அடிப்பதும் அவன் வேலை. அவன் கையில் நீல நைலான் கயிறு கட்டிய அறுநூறு பக்கம் இருந்தது. ராமப்பனின் சுயசரிதை. 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்று ஃபைஸான் போன வாரம் திருப்பி அனுப்பியது.

"படிச்சியா பாய்?" என்றார் ராமப்பன்.

"படிச்சேண்ணா."

"முழுசா?"

"முழுசாத்தாண்ணா."

ராமப்பன் கயிற்றை அவிழ்த்து, நாலாம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பசை.

"நாந்தான் ஒட்டி வச்சேன். டீசல் டேங்குக்கு சீல் வைக்கிறதில்லையா, அந்த மாரி. ஒட்டுனது ஒட்டுனபடியே கெடக்குது. நீ எப்படிப் பாய் உள்ள பூந்து படிச்ச?"

ஃபைஸானிடம் விளக்கம் இருந்தது. முன்பு அவன் சிப்காட்டில் வால்வு செய்யும் ஆலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் முதல் பீஸை அளப்பான். அது தப்பென்றால் அந்த லாட்டையே ஓட்ட மாட்டார்கள். புத்தகத்துக்கும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தான். முதல் மூன்று பக்கத்தில் தேறாதது பின்னால் போய்த் திருந்தி அவன் பார்த்ததில்லை. இதைச் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் மணிகண்டன் அவன் வலது கட்டைவிரலை மேசையின் இரும்பு டிராயருக்குள் வைத்து முழங்காலால் மூடினான்.

காய்ந்த மிளகாயின் காம்பைக் கிள்ளுவது போலச் சின்னச் சத்தம்தான். அதற்கு அடுத்து வந்த பெரிய சத்தம் ஃபைஸானுடையது. கீழே பஞ்சர் கடைக்காரர் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

"பொய் சொன்னதுக்கு அது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ராமப்பன். "இன்னொரு கட்டைவெரல் இருக்குதில்ல? இப்ப நெசத்தச் சொல்லு. என்னாத்துக்குத் திருப்பி அனுப்புன?"

மணிகண்டன் ஃபைஸானின் இடது கட்டைவிரலை டிராயரில் வைத்தான். இதுவும் போனால் சட்டைப் பொத்தான் போடவும் அம்மாவைக் கூப்பிட வேண்டும். பாராட்டினால் பொய்யென்று கண்டுபிடித்துவிடுவார். குறை சொன்னால் கோபப்படுவார். பொய்க்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டதால் ஃபைஸான் மற்றதைத் தேர்ந்தெடுத்தான்.

"மொதப் பக்கத்துலயே எட்டுப் பேர் மண்டைய ஒடைக்கிறீங்கண்ணா. நாகரசம்பட்டி மாங்கா மண்டியில, ஒத்த ராடுல. ஒருத்தனுக்கும் நோவல. ஒங்களுக்கும் நோவல. தம்பி கிருஷ்ணப்பன் ஒங்க மடியில கெடந்து சாவறாரு, அப்பவும் நீங்க வசனம் பேசறீங்க. எங்கைய பாருங்க, இது எப்படி நோவுது தெரியுமா? இந்த நோவு அந்த மூணு பக்கத்துல எங்கயாச்சும் இருக்குதா? எழுதறவங்ககிட்ட நான் தேடறது அதுதாண்ணா. அவங்க மூடி வைக்கப் பாக்கற எடம். ஒங்களுது தேய்ச்ச டைல்ஸாட்டம் வழுவழுன்னு இருக்குது."

"அங்க அப்படித்தாண்டா நடந்துது!"

"இல்லீங்கண்ணா" என்றான் மணிகண்டன்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

"ஏமிரா?" ராமப்பனுக்குக் கோபம் முற்றினால் தெலுங்கு வரும்.

"ராடு எங்கைல இருந்துதுங்கண்ணா. நீங்க அந்நேரம் அங்க இல்லீங்களே."

ராமப்பன் அறுநூறு பக்கத்தையும் அப்படியே அள்ளி அவன் மூக்கில் அடித்தார். ஃபைஸான் படிக்காமல் விட்ட பகுதியில்தான் கனம் அதிகம். மணிகண்டனின் ரத்தம் முதல் அத்தியாயத்தில் சொட்டியது. இரண்டாவது அடியையும் வாங்கிக்கொண்டான். மூன்றாவதற்கு அவன் கை திரும்பியது. அடிப்பதே தொழிலாக இருந்த கை, எதிரில் இருப்பது யார் முகம் என்று பார்க்கவில்லை. ராமப்பன் அலமாரியில் மோதிச் சரிந்தார். திருப்பி அனுப்ப வேண்டிய பிரதிகள் அத்தனையும் அவர் தலைமேல் கொட்டின. முன்பல் ஒன்று தெறித்து ஒரு கவிதைத் தொகுப்பின் மேல் போய் உட்கார்ந்தது.

ராமப்பன் பல் போன இடத்தை நாக்கால் தடவிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெட்டறாங்கன்னதும் லாரிக்கு அடியில பூந்துட்டேன். பல்லு கடகடன்னு அடிச்சிக்குது. சத்தம் கேட்டுடப் போவுதுன்னு அங்க கெடந்த மாங்கா ஒண்ண எடுத்து வாயில வச்சிக் கடிச்சிக்கினேன். கிருஷ்ணப்பன் அண்ணா அண்ணான்னு கூப்புட்டான். அவன் கால் செருப்பு எனக்குத் தெரியுது. கைய நீட்டியிருந்தா புடிச்சிருக்கலாம். நான் மாங்காய உடல. அவன் கூப்புடறது நின்னதுக்கு அப்பறந்தான் அது எவ்ளோ புளிப்புன்னு தெரிஞ்சிது."

ஃபைஸானுக்கு ஒரு கணம் விரல் மறந்துபோனது. முதல் பீஸ். அளவு சரி.

"அண்ணா, இதுதான் மொதப் பக்கம்."

ராமப்பன் எழுந்து மேசைக்கு வந்தார். ஃபைஸானின் இடது கட்டைவிரல் இன்னும் டிராயருக்குள்தான் இருந்தது. எடுத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் டிராயரில் கை வைத்தார்.

"இத எழுதுனா ஊர்ல எவன் எனக்குப் பயப்படுவான்?"

"ஒருத்தனும் பயப்பட மாட்டாண்ணா."

"அப்பறம் என்னாத்துக்கு எழுதணும்?"

"எழுத வேணாங்கண்ணா. ஆனா மத்த அறுநூறையும் என்னால எங்கயும் குடுக்க முடியாது. இந்த வெரல ஒடைச்சாலும் முடியாது." சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

டிராயர் அசைந்தது. திறந்தது. ராமப்பன் அவன் கையைக் கீரைக்கட்டு மாதிரி வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த இடத்தில் தன் வலது கட்டைவிரலை வைத்தார். மனை வாங்கியவர்களுக்கு வீடு கட்டித் தரும்போதும் அவர் அப்படித்தான்; யாராவது குறை சொன்னால் நின்று கேட்டு, தப்பாகப் புரிந்துகொண்டு, உடனே சரிசெய்துவிடுவார்.

"நோவு வேணுங்கறான். எனக்கு அது மறந்தே போச்சு. மூடுடா மணி."

"அண்ணா, நான் சொன்னது அது இல்ல!" என்று பதறினான் ஃபைஸான்.

"மூடு."

மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, மணிகண்டன் முழங்காலைத் தூக்கினான். சம்பளத்துக்கு மூடுகிறவன் அத்தனை வேகமாக மூட மாட்டான்.

ராமப்பன் அலறியதும் கீழே ரேடியோ நின்றது. ஷட்டர் இறங்கியது.

மூச்சு திரும்பியதும் அவர், "பேனா" என்றார். ஃபைஸான் இடது கையால் எடுத்துக் கொடுத்தான். அது அவர் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. அவர் ஃபைஸானின் வலது கையைப் பார்த்தார். அது கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. இருவரும் மணிகண்டனைப் பார்த்தார்கள். எழுதக்கூடிய கை அந்த அறையில் அவனிடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"எனக்கு நெறைய தப்பு வருங்கண்ணா."

"எழுதுடா."

மணிகண்டன் தரையில் உட்கார்ந்து, ரத்தம் படாத ஒரு தாளைத் தேடிக் கிடைக்காமல், பட்ட தாளொன்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"நான் தனி ஆளா ராட எடுத்துக்கினு..." என்று ஆரம்பித்தார் ராமப்பன்.

மணிகண்டன் பேனாவைத் தாளில் வைக்கவில்லை.

"எழுத மாட்டியா?"

"மாட்டேங்கண்ணா."

ராமப்பனின் இடது கை ஓங்கியது. ஃபைஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறை விழுந்தது, பேனா உருண்டது. மணிகண்டன் தவழ்ந்து போய் அதை எடுத்து வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, முன்பு போலவே காத்திருந்தான்.

வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு ராமப்பன் சொன்னார்:

"லாரிக்கு அடியில."

பேனா நகர்ந்தது.