பத்து வயதுத் தகப்பனும் முப்பது வயது மகனும்

பத்து வயதுத் தகப்பனும் அவருடைய முப்பது வயது மகனும் பானுமதியைத் தேடி விருத்தாசலம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. மகன் தோளிலிருந்து தகப்பனை இறக்கிவிட்டான். நாலாக மடித்துக் கட்டியும் அவர் வேட்டி தரையில் புரண்டது.

பானுமதிக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்புப் பூச்சில் முக்கியெடுக்கும் வேலை. குரூப் நாலு தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் வயதுக் கணக்கில் கோட்டை விட்டவள். மூன்றாவது தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. இதிலும் போனால் புத்தகத்தைத் தொடுவதில்லை என்றிருந்தாள்.

"எந்த ஊருங்க?"

"ஊரு பேரெல்லாம் கணக்குல போடலீங்க," என்றார் தகப்பன் கீச்சுக் குரலில். "பழைய நோட்ட எடுங்க. முப்பத்தேழாம் பக்கம்."

தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இருவர் வயதின் கூடுதல் ஐம்பது. தகப்பனுக்கு x, மகனுக்கு 3x என்று அவள்தான் எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக அவர்கள் அப்படியே வாழ்ந்தார்கள். கொத்து வேலைக்குப் போன தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மகனை ஐந்தாம் வகுப்பில் உட்காரவிடவில்லை.

"விடை சரியாத்தானங்க வருது? பத்து, முப்பது."

"வருதுங்க. யாருக்கு எதுன்னு நீங்க பாக்கல."

பானுமதி நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். இத்தனை நாளும் எண்களைப் பொறுக்கினாளே தவிர, வாக்கியத்தைப் படித்ததில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மகனின் வயதைப் போல். அப்படியானால் தெரியாதது மகன் வயது. தகப்பன் வயது அதை வைத்துத்தான் வருகிறது. மகனுக்கு x, தகப்பனுக்கு 3x. ஐந்து வருடம் போனால் x + 5, 3x + 5. கூட்டினால் 4x + 10 = 50.

x = 10 என்று எழுதி முடித்தபோது வேட்டி தகப்பனின் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. மகன் தன் சட்டைக்குள்ளேயே காணாமல் போயிருந்தான். தகப்பன் அவனைத் தேடியெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் இவந்தான் என்னத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சான்," என்றார். "போயிட்டு வரோங்க."

பானுமதி தேறினாள், இப்போது திட்டக்குடி பக்கத்து மங்களூரில் அரசு வேலை. மற்றவர்களின் நோட்டுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்: அம்மாவுக்கு முன் பிறந்த மகள், தம்பியாகிவிட்ட அண்ணன். பக்கத்து வீட்டுக் கமருன்னிசா, பானுமதி வேலையிலிருந்து திரும்பும்வரை அவர்களை உட்காரவைத்து டீ கொடுக்கிறாள். பானுமதி வீட்டுக்கு இறங்கவேண்டிய செராமிக் ஸ்டாப் வந்ததும் திட்டக்குடி பஸ் கண்டக்டர் விசில் ஊதுகிறார்.

"கணக்குக்காரங்கள்லாம் எறங்குங்க."