வாய் தவறிய இடம்

அக்காவும் அத்தானும் மலைப்பக்கம் சுற்றுலா போய்விட்டு வந்த மறுவாரம் அப்பா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். எல்லோரும் என்றால் நாலே பேர். அப்பா, அக்கா, அத்தான், அப்புறம் வீட்டில் 'போலீஸ்' என்று பேரெடுத்த சின்னவள். அவள் போலீஸ் இல்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், வண்டி மோதிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்லும் கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது அந்தப் புத்தியை அலுவலகத்தில் விட்டுவிட்டு வரத்தான் நினைப்பாள். அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்துவிடும்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்ததும் அத்தான் ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. வழியில் டீ குடித்த கதையை மட்டுமே அரை மணி நேரம் சொன்னார்.

"அங்க ஒரு குரங்கு, மாமா. என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, சொந்தக்காரனைப் பாக்கிற மாதிரி!"

"அதுக்காவது ஆள் அடையாளம் தெரிஞ்சிருக்கே, மாப்பிள்ளை," என்றார் அப்பா.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கார் மலைப்பாதையில் நின்றுபோன கட்டம் வந்தது. இதற்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சின்னவள் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.

"புகை வந்துச்சு. மெக்கானிக் வந்தான். சரி பண்ணிக் குடுத்தான். மறுநாள் கிளம்பிட்டோம்," என்றார் அத்தான். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அவ்வளவுதானா? குரங்குக்கு அத்தனை நேரம், கார் நின்றதற்கு நாலு வாக்கியமா?

"ராத்திரி எங்க தங்கினீங்க?" என்று கேட்டாள்.

"லாட்ஜ்ல," என்றாள் அக்கா.

"அந்த வீட்டு நாய் இருக்கே, விடிய விடிய..." என்று அத்தான் தொடங்கினார்.

"லாட்ஜ் நாய்," என்றாள் அக்கா, வெடுக்கென்று.

"ஆமா, லாட்ஜ் நாய்," என்றார் அத்தான்.

இந்த மாதிரிப் பேச்சைச் சின்னவள் தினமும் கேட்கிறவள். ஒருவர் சொல்ல, மற்றவர் திருத்த, முதல் ஆள் அவசரமாகத் தலையாட்டுவது. அப்படி வந்தவர்கள் யாரும் இதுவரை உண்மை சொன்னதில்லை. யாரையாவது இடித்துவிட்டு வந்திருக்கிறார்களா? அக்காவின் செல்போனை வாங்கிப் படங்களைத் தள்ளினாள். டீக்கடை வந்தது, குரங்கு வந்தது, அருவி வந்தது. அடுத்த படத்துக்கு விரல் போவதற்குள், "சார்ஜ் இல்லடி," என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததைச் சின்னவள் பார்த்திருந்தாள்.

காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். அத்தானின் காரை ஒரு சுற்று சுற்றினாள். குனிந்து பம்பரைத் தடவினாள். விளக்கு மாற்றியிருக்கிறார்களா, எங்கேயாவது புது பெயின்ட்டா என்று பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவளை இப்படியா சந்தேகப்படுவது? ஆனால் வெட்கம் வந்ததே தவிர சந்தேகம் போகவில்லை.

உள்ளே திரும்பியபோது பேச்சு பழைய கதைகளுக்குப் போயிருந்தது. அந்த வீட்டின் பழைய கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பள்ளம் உண்டு. நடுவில் பிறந்த அண்ணன் அது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். "இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று அப்பா கோபத்தில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. அக்கா கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. சேற்றைத் தாண்டுகிற மாதிரி எல்லோரும் அவனைத் தாண்டித் தாண்டியே கதை சொல்வார்கள்.

இப்போது ரேடியோ கதை நடந்துகொண்டிருந்தது. அப்பா ஆசையாக வாங்கிய ரேடியோவைப் பூனை மேசையிலிருந்து தள்ளி உடைத்த கதை. நூறு தடவை கேட்டதுதான்.

"பாவம் அந்தப் பூனை!" என்று அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். "முகத்துக்குப் போடற பவுடர்ல விரலை முக்கி, மேசை பூரா பூனைக் கால் தடம் வச்சாங்க பாருங்க, அங்கதான் நிக்குது புத்திசாலித்தனம்!"

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ரேடியோவை உடைத்தது பூனையே இல்லை, அவளும் அண்ணனும்தான். பவுடரில் விரலை முக்கியது அவள். எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அண்ணன். அன்றைக்கு அக்கா வீட்டிலேயே இல்லை. இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. அதில் ஒருத்தி அவள். அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அக்கா ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான்தான் சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊசி பட்ட பலூன் மாதிரி ஆனார். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, கொஞ்சம் அடுப்படிக்கு வா."

அக்கா வந்ததும் சின்னவள் கதவைச் சாத்தினாள். "அண்ணனை எங்க பாத்தீங்க?"

"என்னடி உளர்றே?"

"அத்தான்தான் உளறினார். சொல்லு. உயிரோடதான இருக்கான்?"

அக்கா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இருக்கான்டி. நல்லாத்தான் இருக்கான். கார் நின்னுடுச்சுன்னு போன் பண்ணி ஆளை வரச் சொன்னோம். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு வேலை பாத்தவன், நான் உங்க அத்தானைத் திட்டுற சத்தத்தைக் கேட்டு வெளிய வந்து என்னையே பாத்தான். தாடி, எண்ணெய், கருப்பு. எனக்கு அடையாளமே தெரியல. 'இன்னும் அதே வாயா உனக்கு?'ன்னான். அப்புறம்தான்..."

"அவன் வீட்லதான் தங்கினீங்களா?"

"ம். பொண்டாட்டி, ஒரு பொம்பளப் பிள்ள. பக்கத்துலயே சொந்தமா பட்டறை. ராத்திரி அவனும் இவரும் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் தூங்கிட்டேன். என்ன சொன்னானோ."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். உனக்குத் தெரிஞ்சா மறுநாளே பஸ் ஏறிடுவ. உன் மூஞ்சி ஒண்ணு போதுமே, ஊருக்கே தண்டோரா போட்டுடும்."

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"முதல்ல உன்னைத்தான் கேட்டான்."

பதில் சட்டென்று வந்தது. கேட்டானா, இல்லை, அழாமல் இருக்கட்டும் என்று அக்கா சொல்கிறாளா? சின்னவள் அக்காவின் கண்ணையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. அப்பா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பிள்ளைகள் தொலைந்துபோன பேருந்துக்காரர் மாதிரி அத்தான்.

"அச்சாபீஸ்ல காலம் பூரா பிழை திருத்தினவன் நான்," என்றார் அப்பா. "எந்தப் பூனை அஞ்சு விரல் தடம் வைக்கும்? அன்னைக்கே தெரியும், பசங்க வேலைன்னு. இதை மாப்பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பாங்கன்னு கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேணுமா?"

இப்போது கத்துவார் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அத்தான் பக்கம் திரும்பினார்.

"வண்டி இப்ப நல்லா ஓடுதா, மாப்பிள்ளை?"

"பிரமாதமா ஓடுது, மாமா."

"எனக்கு என்னவோ இன்ஜின்ல ஒரு சத்தம் கேக்குது. சரி பண்ண ஆளுகிட்டயே காட்டினாத்தான் நல்லது."

வாசலில் நின்ற காரின் இன்ஜினை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அத்தான் ஒரு நிமிஷம் முழித்தார். "ஆமா மாமா," என்றார், "கேக்குது, கேக்குது."

அக்காவிடம் நம்பர் வாங்கிச் சின்னவள்தான் அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்பா வருகிறார் என்றதும், "பொய் சொல்லாத," என்றான். "அவருக்கு உடம்பு முடியலையா? உண்மையைச் சொல்லு. எதுக்கு வர்றாரு?" எத்தனை சொல்லியும் அவன் நம்பவில்லை. தன் ரத்தம்தான் என்று அவளுக்கு உறுதியானது.

அடுத்த விடுமுறையில் கிளம்பினார்கள். அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறை வாசலில் கார் நின்றதும் அக்காவும் சின்னவளும் பாய்ந்து இறங்கினார்கள். அண்ணன் கைத்துணியால் விரல்களைத் துடைத்தபடி நின்றான். சின்னவள் போய் அவன் கையைப் பிடித்தாள். "எண்ணெய்டி, புடவை கெட்டுடும்," என்றான். அவள் விடவில்லை.

அப்பா மட்டும் இறங்கவில்லை. கார்க் கதவின் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இன்ஜின்ல ஏதோ சத்தம்," என்றார்.

அண்ணன் பானட்டைத் தூக்கி, அத்தானிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டான். "ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான் இருக்கு," என்றான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லாப் பாரு," என்றார் அப்பா. கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்தார். "நிதானமாப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."