நண்டுக்கூட்டின் கதவு

பர்னபாஸ் கம்பியை வளைத்து நண்டுக்கூட்டின் நாலாவது மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரியில் ஜெமியின் புதுக்கடை. வள்ளக்காரர்கள் ஆளுக்குப் பத்துக் கூடாகத் தூக்கிப் போனார்கள். பலகையில் கூட்டின் படத்துக்குக் கீழே ‘பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பு’ என்று எழுதியிருந்தது.

நண்டு உள்ளே போனதும் தானாக விழுந்து மூடும் அந்தச் சாய்வுக் கதவு பர்னபாஸின் யோசனை. இருவரும் ஒரே பட்டறையில் கூலிக்கு நின்றபோது அவன்தான் முதலில் செய்து காட்டினான். இப்போது அதை அவன் செய்யக் கூடாது என்று ஜெமியிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது.

வக்கீல் கிருபாநிதி நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"கடைப் பேரு, முத்திரைக்கு டிரேட் மார்க். கண்ணுக்குத் தெரியுத உருவத்துக்கு டிசைன். வேலை செய்யுத விதத்துக்குப் பேட்டண்ட். ஜெமி டிசைன் வாங்கியிருக்கான். நீங்க முந்தியே யாருக்கும் காட்டுனியளா?"

"வள்ளக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டோ போட்டேன் சார். அவன் பதியுததுக்கு ஒரு வருஷம் முந்தி."

"அத வச்சு அவன் பதிவ ரத்து பண்ணச் சொல்லலாம். ஆனா உங்களுக்கும் கிடைக்காது. ஊரறிஞ்ச பொருளாயிட்டு. பெறவு யாரு வேணும்னாலும் செய்வாங்க."

வீட்டில் மனைவி அமலோற்பவம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஜெமி அண்ணன் மத்தியானம் வந்துச்சு. கேஸு வேண்டாம், ரெண்டு பேரும் சேந்தே செய்வோம்னு சொல்லுது. போய்ப் பேசுங்க."

"அவன் கல்லாவுல உக்காருவான், நான் பக்கத்துல நிக்கணுமாக்கும்?"

"பாதிப் பாதிங்குது."

"எனக்கு வேண்டாம் ஏளா. அவனுக்கும் இருக்கக் கூடாது."

மறு வருஷம் பதிவு ரத்தானது. ஜெமி ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினான். பர்னபாஸ் வேலையை நிறுத்திவிட்டு, கடைசி ஆணி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் மாதம் வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே கூட்டைப் பிளாஸ்டிக்கில் அடித்து, லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கியது. பர்னபாஸின் ஒரு கூட்டின் விலைக்கு அவர்களிடம் மூன்று கிடைத்தது. முதலில் ஜெமியின் கடை மூடியது. பிறகு பர்னபாஸின் பட்டறை.

புதுக்கோட்டை ரோட்டில் கம்பெனி குடோன். கூடுகளுக்குக் கதவு மாட்ட நாள்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். முதல் நாள் சூப்பர்வைசர் பர்னபாஸின் கையிலிருந்த கதவை வாங்கித் திருப்பிக் காட்டினான்.

"இங்கன பாருங்கண்ணே. இப்படிச் சாய்ச்சு மாட்டணும். அப்பதான் நண்டு போனதும் விழும். புரிஞ்சுதா?"

"புரியுது."

எதிரே ஜெமி குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான். பர்னபாஸ் அவனுடைய அடுக்கை ஓரக்கண்ணால் எண்ணினான். இரண்டு கூடு அதிகம் இருந்தது. அடுத்த கதவை வேகமாக எடுத்தான்.